ஒழுகாத கூரையின் ஈரம்

மலை முகாம்
மார்ச் 9

தார்ப்பாய்க்காரருக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு வராதவருக்கு இந்தத் தகவல் தேவைப்படுமோ என்னவோ, எழுதிவிடுகிறேன். இங்கே போனுக்கு டவர் இன்னும் வரவில்லை. பழையபடி தண்ணீர் லாரிக்காரர்தான் தபால்காரர். "உங்க வீட்டுக்காரர்கிட்டேருந்து ஒண்ணும் வரலையே, கோவமா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டார். இனி முகாம் முழுக்கத் தெரிந்துவிடும்.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? மாதக்கணக்கில் நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும், ஜீப்பில் மாட்டி இழுக்கிற அந்த வண்டி வீட்டைத் தட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு, லோடு ஏத்தலாம்" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அதற்காக ஒரு மனிதர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பெண்டாட்டி கிளம்பிப் போகும்வரை பலகையைத் தேய்த்துக்கொண்டிருப்பாரா?

சரி, கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள். விஷயத்தைச் சொல்கிறேன். முகாம் மேலாளர் மனம் இறங்கவில்லை. குடும்பத்தோடு தங்க வேண்டுமானால் சொந்தக் கூரையோடு வர வேண்டும். கம்பெனிக் கூடாரம் வேலை செய்பவருக்கு மட்டும். ஜூனில் மழை தொடங்கும். தொடங்கினால் கீழே ஓடை ஏறிப் பாதை அடைபட்டுவிடும். மழைக்கும் இங்கேயே இருக்கிறேனா, வேலையை விட்டுவிட்டு வருகிறேனா என்று மே மாதத்துக்குள் அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

போன மழையில் அந்தக் கூடாரம் ஒழுகியதும், நான் காய்ச்சலில் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். இன்னொரு மழையை அதற்குள் தனியாகக் கழிக்க என்னால் ஆகாது. நீங்கள் ஒழுகாத வீட்டோடு வந்தால் இருப்பேன். இல்லையென்றால் இந்த மலைச் சாலையை வேறு யாராவது அளந்துகொள்ளட்டும்.

பலகை மேல் அலுமினியத் தகடு அடித்துவிடுங்கள். என் தம்பியும் அதைத்தான் சொல்கிறான், வெல்டருக்குத் தெரியாததா? துணி வேண்டாம். துணியை நம்பி ஒரு தடவை நனைந்தாயிற்று.

நேற்று மாலை மேகம் எங்கள் காலுக்குக் கீழே நகர்ந்து போனது. ஆட்டு மந்தை போல ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல். அளவைக் கருவியை மடக்கிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் கையில் இருந்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். கோபத்தில் இருந்தாலும் உங்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

*

தார்ப்பாய்ப் பட்டறை
மார்ச் 21

அளவைக்காரிக்கு,

நீ துணியை நம்பி நனையவில்லை. அந்தக் கூடாரத்தைத் தைத்தவனை நம்பி நனைந்தாய். மேல் துண்டைக் கொண்டுபோய்க் கீழ்த் துண்டுக்கு அடியில் விட்டுத் தைத்திருந்தான். தண்ணீருக்கு வாசல் வைத்துக் கொடுத்துவிட்டு, வந்துவிட்டதே என்றால் எப்படி?

லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பதுதான் என் பிழைப்பு. சிமெண்டு, உப்பு, காகிதம், சர்க்கரை எல்லாம் என் துணிக்கு அடியில் எத்தனையோ மழையைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஒரு மூட்டை கட்டி தட்டிவிட்டது என்று எவரும் என் வாசலில் வந்து நின்றதில்லை.

தகடு அடிக்க ஆணி வேண்டும். ஒவ்வொரு ஆணியும் ஒரு ஓட்டை. ஓட்டை போடுவானேன், பிறகு அதை அடைப்பானேன்? இதைச் சொன்னால் உன் தம்பிக்குக் கோபம் வருகிறது. "தகடு அடிச்சா ரெண்டு நாள்ல வேலை முடியும் மாமா. நீங்க என்னடான்னா வண்டிக்குச் சட்டை தைக்கறீங்க" என்கிறான். "அப்ப பொத்தான் எங்க வைக்கலாம்னு யோசிச்சு வை" என்றேன். அடிச்சட்டத்தையும் அச்சையும் அவன்தான் பற்றவைத்துக் கொடுத்தான், அதனால் அவன் பேச்சைப் பொறுத்துக்கொள்கிறேன்.

பலகையின் மூலைகளை எல்லாம் தேய்த்து உருட்டிவிட்டேன். கூர் மூலை துணியைத் தின்றுவிடும். திருகாணித் தலைகளை உள்ளே இறக்கிப் பட்டி வைத்து, கை தடவினால் எங்கே ஆணி இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு வழவழப்பாக்கினேன். வண்டியின் அடிவயிற்றுக்குத் தார் பூசியாயிற்று. நாளை முதல் மரப்பசை பூசித் துணி ஒட்டுகிறேன். முதலில் பக்கச் சுவர்கள், கடைசியில் கூரை. கூரைத் துணி சுவர்த் துணியின் மேல் இறங்கி மூட வேண்டும். தண்ணீர் போகிற திசையில் துணி போக வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

நீ வேடிக்கைக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. லோடு ஏற்றுகிற வண்டிதான் இது. நனையவே கூடாத லோடு ஒன்று இருக்கிறது. அது இப்போது மலை மேல் உட்கார்ந்துகொண்டு எனக்குத் தகடு அடிக்கச் சொல்லிக் கடிதம் எழுதுகிறது.

*

மலை முகாம்
ஏப்ரல் 3

அன்புள்ள தார்ப்பாய்க்காரருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைத் தண்ணீர் லாரிக்காரர் எதிரிலேயே படித்துத் தொலைத்தேன். "சமாதானம் ஆயிடுச்சு போல" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

துணியே ஒட்டுங்கள். இனி தகடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். ஜன்னல் உண்டா? நீங்கள் கடிதத்தில் கூரையைச் சொல்கிறீர்கள், சுவரைச் சொல்கிறீர்கள், அடிவயிற்றைக்கூடச் சொல்கிறீர்கள். ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உப்பு மூட்டைக்கு ஜன்னல் வேண்டாம், எனக்கு வேண்டும்.

இன்று பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு குறி வைப்பதற்காகக் கருவியைத் திருப்பினேன். வெறும் கண்ணுக்கு அங்கே பாறைதான் தெரியும். கருவியின் தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் ஒரு காட்டு ஆடு. நின்ற இடத்தில் எதையோ மென்றுகொண்டிருந்தது. தாடை அசைவது தெரிந்தது, தாடி முடியில் காற்று புகுந்து பிரிவது தெரிந்தது. அங்கே போய்ச் சேர ஒரு பகல் நடக்க வேண்டும். இத்தனை காலம் இந்தக் கருவியைக் கையாளுகிறேன், அவ்வளவு தொலைவில் இருக்கும் உயிர் இவ்வளவு கிட்டத்தில் வரும்போது இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஒழுகாமல் செய்துவிடுங்கள். நான் இந்தச் சாலையை முடிக்க வேண்டும். முடிக்காமல் வந்தால் வீட்டில் என்னோடு உங்களால் இருக்க முடியாது. அது உங்களுக்கும் தெரியும்.

*

தார்ப்பாய்ப் பட்டறை
ஏப்ரல் 18

அன்புள்ள அளவைக்காரிக்கு,

ஜன்னல் உண்டு. இரண்டு பக்கமும் தடித்த கண்ணாடி, திறக்க முடியாதபடி சட்டத்தோடு வைத்துப் பசை நாடா கொடுத்து இறுக்கிவிட்டேன். திறக்கிற ஜன்னல் என்றைக்கிருந்தாலும் ஒழுகும். கதவைச் சுற்றிலும் ரப்பர் பட்டை. கதவுக்கு மேலே, வழிகிற தண்ணீர் ஒதுங்கிப் போக ஒரு சின்ன உதடு.

துணி ஒட்டிய அன்று நீ இருந்திருக்க வேண்டும். நனைந்த துணியை நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தள்ளித் தள்ளி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் படிய வைத்தோம். காய்ந்த பிறகு தண்ணீர் போலக் கரைத்த பெயிண்டை முதலில் கொடுத்தேன். நூலுக்கு நூல் அது இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அதன் மேல் கெட்டியாக ஒரு கை, இன்னொரு கை. சாயங்காலம் விரலால் தட்டினால் துணியும் இல்லை, பலகையும் இல்லை. ஏதோ ஒரு பிராணியின் தோல் மாதிரி இருந்தது. உன் தம்பி சும்மா தடவிக்கொண்டே நின்றான். "சட்டை இல்ல மாமா, இது தோலு" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நீ நம்ப மாட்டாய்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. நான் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் குழாயைப் பிடித்துக் கூரையில், மூலையில், கதவு இடுக்கில் என்று கை வலிக்கும்வரை அடித்தான். தலைக்கு மேலே அவ்வளவு தண்ணீர். நான் உலர்ந்த தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு இல்லை. எத்தனை பாரத்தை மூடியிருக்கிறேன், மூடியதற்கு அடியில் இருந்து தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டதில்லை. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

இத்தோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து உள்ளேதான் படுக்கிறேன், எல்லாவற்றையும் இறுக்கச் சாத்திக்கொண்டு. விடிந்து பார்த்தால் கூரையில் சொட்டுச் சொட்டாக ஈரம். போர்வை நனைந்திருக்கிறது. மழையும் இல்லை, குழாயும் இல்லை. பனிதான் எங்கோ இறங்குகிறது என்று கூரைக்கு இன்னொரு துணியும் இரண்டு கை பெயிண்டும் கொடுத்தேன். ரப்பர் பட்டையை இரட்டிப்பாக்கினேன். ஈரம் குறையவில்லை, கூடியிருக்கிறது. நான் அடைக்க அடைக்க ஒழுகுகிறது.

மேலாளருக்கு நீ இன்னும் பதில் சொல்லியிருக்காவிட்டால் அவசரப்படாதே.

*

மலை முகாம்
ஏப்ரல் 27

அன்புள்ளவருக்கு,

பதில் சொல்லவில்லை. இனி அதிக நாள் தள்ளிப்போடவும் முடியாது.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குழாயால் அடித்தால் ஒழுகவில்லை, வானம் வெளுத்துக் கிடக்கும்போது ஒழுகுகிறது. எனக்கு இரண்டு அளவு ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை என்றால் மலை மேல் பழி போட மாட்டேன். நான் எங்கே நின்று அளந்தேன் என்று பார்ப்பேன்.

நீங்களும் நிற்கிற இடத்தை மாற்றிப் பாருங்கள். ஒரு நாள் வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் படுங்கள். காலையில் திறந்து கூரையைத் தடவிப் பார்த்து எழுதுங்கள். அதுவரை பெயிண்ட் டப்பாவைத் தொடாதீர்கள்.

பயமாக இருக்கிறது. உங்களைச் சொல்லவில்லை, மழையைச் சொல்கிறேன்.

*

தார்ப்பாய்ப் பட்டறை
மே 8

அன்புள்ள அளவைக்காரிக்கு,

நீ சொன்னபடி வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டில் படுத்தேன். விடிந்ததும் திறந்தேன். கூரை, மூலைகள், கண்ணாடி ஓரம், கதவு மேல்பக்கம் எல்லாவற்றையும் தடவினேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

மறுநாள் மறுபடியும் உள்ளே படுத்தேன். கண் விழித்தபோது வெளிச்சம் அப்போதுதான் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. எழுந்திருக்காமல் மல்லாந்தபடியே மேலே பார்த்தேன். என் முகத்துக்கு நேர் மேலே, கூரையின் உள்பக்கத்து வார்னிஷ் மங்கிக் கிடந்தது. அந்த மங்கலில் ஊசி முனை அளவுக்குப் புள்ளிகள். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு புள்ளி பக்கத்துப் புள்ளியோடு ஒட்டிக்கொண்டது. அது இன்னொன்றை இழுத்தது. கனத்தது, தொங்கியது, என் நெற்றியில் விழுந்தது.

அது எங்கிருந்தும் வரவில்லை. அங்கேயே பிறந்தது. வெளியிலிருந்து அது வருகிற வழியைத்தான் இத்தனை நாளும் தேடித் தேடி அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து கூரையைப் பார்த்து ஊதினேன். மங்கல் பெரிதானது.

பழைய துணியால் கூரை முழுக்க ஒற்றி எடுத்து டம்ளரில் பிழிந்தேன். அரை டம்ளர் இருக்கும். உன் தம்பி அந்த நேரம் பார்த்து வந்தான்.

"என்ன மாமா டம்ளர்ல?"

"நான்தான்டா" என்றேன்.

எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பான். மறுநாள் அவனையும் உள்ளே படுக்க வைத்தேன். அவன் குறட்டைக்குப் பயந்து ஈரம் ஓடிவிடுமோ என்று பார்த்தேன், ஓடவில்லை. காலையில் டம்ளர் ததும்பத் ததும்ப நின்றது. அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "தெனமும் இவ்ளோ வெளிய விடறமா மாமா? இதெல்லாம் எங்க போகுது?" என்றான்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. எங்கே போகிறது? நம் வீட்டில் நீயும் நானும் தூங்கிய காலமெல்லாம் இது கதவடியில், ஓட்டு இடுக்கில், எத்தனை சாத்தினாலும் சாத்தாத அந்தச் சமையலறை ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நாம் எழுந்து முகம் கழுவுவதற்குள் அது வானத்துக்கு ஏறியிருக்கும். உன் காலுக்குக் கீழே போன மேகத்தில் என்னுடையதும் கொஞ்சம் இருந்திருக்கலாம். உயிரோடு இருப்பது என்றால் இப்படிக் கசிந்துகொண்டே இருப்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வெங்காய லோடு ஓட்டுகிற டிரைவர் ஒருவர் வருவார். பின்பக்கம் ஒரு மடிப்பைத் திறந்தே விடச் சொல்வார். "மூடினா அழுகிடுங்க. அதுக்கு மூச்சு வேணும்" என்பார். கயிறு கட்டச் சோம்பல் என்று நான் உள்ளுக்குள் சிரிப்பேன். நான் மூடிப் பழகியதெல்லாம் சிமெண்டும் உப்பும். மூச்சு விடுகிற ஒன்றுக்கு நான் கூரை தைத்ததே இல்லை. நீ தட்டிப் பார்த்துச் சொன்னது சரிதான். உனக்கு ஒரு உப்பு மூட்டைப் பெட்டியைத்தான் கட்டி வைத்திருக்கிறேன்.

இனி கூரையில் ஓட்டை போட வேண்டும். ஜன்னல்களைப் பெயர்த்து, மேலே கீல் வைத்து, வெளிப்பக்கம் தூக்கித் திறக்கிற மாதிரி செய்ய வேண்டும். ரம்பத்தை எடுத்துக்கொண்டு கூரை மேல் ஏறினேன். இறங்கிவிட்டேன். ஒழுகாத கூரை அது. அதில் என் கையாலேயே ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியாக மலை மழை உன் மேல் இறங்கினால்? ஈரக் கூரை போதும், துடைத்துக்கொள்கிறோம் என்று நீ சொன்னால் அப்படியே கொண்டுவருகிறேன். நீ சொல்.

*

மலை முகாம்
மே 16

அன்புள்ளவருக்கு,

வெட்டுங்கள்.

விடியற்காலைக் குளிரில் கருவியின் கண்ணாடியில் என் மூச்சு படியும். தினமும் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறேன். அது என்ன என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. உங்கள் கடிதம் வந்த மறுநாள் துடைக்காமல் பார்த்தேன். மலை முழுக்க அதில் மறைந்துபோனது. பிறகு ஓரத்திலிருந்து அது உலர உலர, மலை திரும்பி வந்தது. உதவிக்கு நின்றவர், "என்னம்மா, கருவி கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

நேற்று மேலாளரிடம் போய், மழைக்கும் இருக்கிறேன், என் வீட்டுக்காரர் வருகிறார் என்று சொல்லிவிட்டேன்.

"வீடு ஒழுகாதே?" என்றார்.

"இல்லைங்க. அதான் இப்ப ஓட்டை போடறாரு" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இனி நான் வார்த்தை மாற முடியாது. நீங்களும் துடைத்துக்கொள்ளலாம் என்று பேசக் கூடாது. உங்கள் ஓட்டை எப்படி ஒழுகாமல் இருக்க வேண்டும் என்று உங்கள் கைக்குத் தெரியும். நான் நம்புவது அந்தக் கையை.

*

தார்ப்பாய்ப் பட்டறை
மே 29

அன்புள்ள அளவைக்காரிக்கு,

வெட்டிவிட்டேன். ரம்பம் துணியில் இறங்கியபோது உன் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெட்டிய ஓரத்துக்குச் சட்டை நுனியை மடித்துத் தைப்பது போலத் துணியை உள்ளே மடித்து ஒட்டினேன். சுற்றிலும் ஒரு வரம்பு, அதன் மேல் அவன் பற்றவைத்துக் கொடுத்த தொப்பி. காற்று அடியில் நுழையலாம், தண்ணீர் ஏறி நுழைய முடியாது. கடைசியில் அவனுடைய தகடும் வண்டியில் ஏறிவிட்டது. அதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஜன்னல்களுக்குக் கீல் வைத்தாயிற்று. திறந்தால் கண்ணாடியே தாழ்வாரம் போல வெளியே நிற்கும். திறந்து வைத்தபடியே குழாயால் அடித்தோம். உள்ளே வரவில்லை. திறந்து வைத்தபடியே படுத்தேன். காலையில் கூரையைத் தடவினேன், கை உலர்ந்தே இருந்தது.

ஆனால் குழாய் வேறு, மழை வேறு. காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழையை இது இன்னும் பார்க்கவில்லை. அந்தப் பயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

வெள்ளை அடித்து, நடுவில் சுற்றிலும் ஒரு சிவப்புப் பட்டை கொடுத்திருக்கிறேன். நீ அளக்க நட்டு வைக்கிற கம்பத்தின் சிவப்பு. தூரத்திலிருந்து தெரியட்டும் என்றுதானே அந்த நிறம்? உன் தம்பியின் ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறோம். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரும்.

*

மலை முகாம்
ஜூன் 6

அன்புள்ளவருக்கு,

மழை உங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. விடியற்காலையிலிருந்து காற்றோடு சாய்ந்து அடிக்கிறது. தண்ணீர் லாரிக்காரர் ஓடையைத் தாண்ட முடியாமல் திரும்பி வந்தார். நனைந்து நின்றுகொண்டு, "உங்க வீட்டுக்காரர் அந்தக் கரையில நிக்கறாருங்க, வெள்ளை வண்டியோட!" என்று கத்தினார்.

கருவியைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்கு ஓடினேன். உதவியாளர் குடை பிடித்தார். வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிற மழைதான் தெரிந்தது. தொலைநோக்கியைச் சரிவில் மெல்ல நகர்த்தினேன். ஒரு சிவப்புக் கோடு குறுக்கே வந்தது. அங்கே நிறுத்தினேன்.

கூரையில் தண்ணீர் விழுந்து, விழுந்த வேகத்தில் உருண்டு ஓரமாக இறங்கியது. கதவுக்கு மேல் இருக்கிற உதட்டில் இரண்டாகப் பிரிந்து போனது. தொப்பி அசையவில்லை. ஜன்னல் கண்ணாடி தூக்கி நின்றது. அந்த மழையில், வாழ்நாளெல்லாம் எதையும் மூடியே பழகிய மனிதர், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

கையை மேலே தூக்கிக் கூரையைத் தடவினீர்கள். உள்ளங்கையைப் பார்த்தீர்கள். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு இடத்தில் தடவினீர்கள். மறுபடியும் பார்த்தீர்கள். பிறகு அந்தக் கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு வெளியே மழையைப் பார்க்கத் தொடங்கினீர்கள். நான் பார்ப்பது உங்களுக்குத் தெரியாது. உதவியாளர், "அளவு கிடைச்சுதாம்மா?" என்றார். தலையை ஆட்டினேன்.

மழை விட்டால் நாளை காலை பாதையைத் திறந்து விடுவதாகப் பொக்லைன்காரர் சொல்கிறார். இந்தக் கடிதத்தைப் பாலிதீன் பையில் சுற்றி, ஓடைக்குக் குறுக்கே சாப்பாடு அனுப்புகிற கயிற்று வாளியில் போடுகிறேன்.

மறுபக்கத்து ஜன்னலையும் திறந்து பழக்குங்கள். நாளையிலிருந்து உள்ளே இரண்டு பேர்.